படிப்பு ஒரு துறையில், வேலை இன்னொரு துறையில்: கட்டடமும் நகரமும் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே மடலை இரண்டு துறைகளுக்கு எழுதினால், 'இது அவர்கள் பார்க்க வேண்டியது' என்று இரண்டு பேருமே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் சொல்ல வந்த சிக்கல் உங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. கட்டடக்கலை, கட்டுமானம், நகரமைப்பு இவற்றைக் கற்றுக்கொடுப்பது முதல் துறையின் பொறுப்பு. படித்துவிட்டு வருகிறவர்களை, முக்கியமாக நகரமைப்பு படித்தவர்களை, வேலைக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது துறையின் பொறுப்பு. வேலைக்கு எத்தனை பேர் தேவை என்பதை முதல் துறை கேட்டுச் செய்வதாகவும் தெரியவில்லை, கல்லூரியில் என்ன படிக்கிறார்கள் என்பதை இரண்டாவது துறை கவனிப்பதாகவும் தெரியவில்லை. நடுவில் நிற்பது பிளஸ் டூ முடித்த பிள்ளையும் அதைப் பெற்றவர்களும்.

நான் தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் பதிவு பெற்ற பொறியாளர். வீட்டுக்கு பிளான் போடுவது, எஸ்டிமேட் எழுதுவது, அனுமதிக்கு ஆன்லைனில் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. மே மாதம் வந்துவிட்டால் பிளான் கேட்டு வருகிறவர்களோடு, பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். "பாப்பா நல்லா படம் வரையும் சார், சிவில்ல சேத்துடவா?" "ஆர்க்கிடெக்ட்னா எலிவேஷன் போடுறவங்கதானே, அதுக்கு எதுக்கு சார் அஞ்சு வருஷம்?" கொத்தனார், கம்பி கட்டுகிறவர், மர ஆசாரி, ஹார்டுவேர் கடைக்காரர் என்று கட்டடத் தொழிலிலேயே காலம் தள்ளுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நகரமைப்பு படிக்க வைக்கலாமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு!

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பெரும்பாலான வீடுகள் இடிந்து விழவில்லை. கம்பி சரியாக இருந்தது, கான்கிரீட் சரியாக இருந்தது, பல வீடுகள் பார்க்கவும் லட்சணமாக இருந்தன. நின்ற நிலையிலேயே மூழ்கின. கட்டியவரும் வரைந்தவரும் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் வீடு வரலாமா, வந்தால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், பத்தாயிரம் வீடுகள் வந்த பிறகு அந்த வழி மிஞ்சுமா என்று பார்ப்பது மூன்றாவது ஒருவருடைய வேலை. அவர்தான் நகரமைப்பாளர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அது வேறு கதை. அங்கே எழுந்தது மண் எவ்வளவு தாங்கும், அஸ்திவாரம் போதுமா, தூண் தாங்குமா என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மண்ணியலும் கட்டமைப்புப் பொறியியலும் ஆழமாகப் படித்தவர் வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இந்த எல்லோரும் 'இன்ஜினியர்'தான். அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அரசும் அதே தெளிவோடு இருந்தால் எப்படி?

நகரமைப்பில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பு எண் கையில் இல்லாவிட்டாலும், பைபாஸ் ஓரம் மனைக்கல் ஊன்றிய தோட்டங்களைப் பார்த்தாலே போதும், எண்ணிக்கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று புரியும். நகரமைப்புச் சட்டத்தில் நமக்குப் பழைய அனுபவமும் உண்டு. மதராஸ் மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. அதற்கும் முன்பே, 1914 முதல் ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் இந்த மாகாணத்து ஊர்களைச் சுற்றி வந்து அறிக்கைகள் எழுதிக்கொடுத்தார். இப்போது நடைமுறையில் இருப்பது 1971 சட்டம். இன்னும் பின்னால் போனால், கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காக விரிகிற மதுரையை வைத்திருக்கிற ஊர் நம்முடையது. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று 18 பணிகளை அடுக்கியது. அதில் முதல் பணியே நகரமைப்புதான். குடிநீரும் குப்பையும்கூட அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இவ்வளவும் இருக்க, ஆள் எங்கே? 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை நாடு முழுக்க உள்ள நிலையைச் சொன்னது. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை. ஒப்புதல் பெற்ற இடங்களோ 4,000க்கும் குறைவு. அவற்றிலும் ஏறக்குறைய பாதி காலி. பல மாநிலங்களில் இந்த வேலைக்கு நகரமைப்புப் படிப்பு கட்டாயத் தகுதியாகவே இல்லை என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது. மருத்துவம் படிக்காதவரை மருத்துவர் பணியிடத்தில் அமர்த்தினால் ஊர் பொங்கிவிடும். இங்கே யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் விளைவு தெரிய இருபது வருடம் ஆகிறது.

கோவையைப் பாருங்கள். 1994 முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) பிறகு அடுத்த வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2024இல். இடையில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதை அவிநாசி சாலையில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தீர்கள். ஏறத்தாழ ஐந்து மடங்கு. பரப்பு ஒரே அரசாணையில் ஐந்து மடங்காகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை அரசாணை போட்டு வரவழைக்க முடியாது. படிக்க வைத்துத்தான் வரவழைக்க முடியும், அதற்கு நான்கு ஆண்டுகள் ஆகும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் இதற்குத் தாய்வீடு என்று சொன்னால் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளிதான். 1957இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கியது. கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். அங்கே பழையது, முதுநிலை நகரமைப்பும் பழையது. இளநிலை நகரமைப்புப் பட்டமான பி.பிளான். வந்தது அண்மைக் காலத்தில்தான். நல்ல தொடக்கம், வாழ்த்துகிறேன். ஆனால் நகர மக்கள்தொகையில் முன்வரிசையில் நிற்கிற ஒரு மாநிலத்துக்கு அது மட்டும் போதுமா? அரசுக் கல்லூரியில் பி.பிளான். படிக்க விரும்பும் தூத்துக்குடிப் பிள்ளைக்கு அடுத்த வழி டெல்லி, போபால், விஜயவாடா நகரங்களில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள். அங்கே போக ஜேஇஇ முதன்மைத் தேர்வின் தாள் 2பி எழுத வேண்டும். கணிதம், பொது ஆற்றல், திட்டமிடல் சார்ந்த கேள்விகள், அவ்வளவுதான். ஐஐடிக்குத் தயாராகிறவர்கள் எழுதும் இயற்பியலும் வேதியியலும் அந்தத் தாளில் கிடையாது. சமூக அறிவியலை விரும்பிப் படிக்கிற, கணக்கும் வருகிற ஒரு அரசுப் பள்ளி மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான தாள் இருக்க முடியாது. அவளிடம் இதைச் சொன்னவர் யார்?

சொல்கிறோமே, 'நான் முதல்வன்' இருக்கிறதே, 'கல்லூரிக் கனவு' நடத்துகிறோமே என்பீர்கள். 2022இல் தொடங்கிய இரண்டும் நல்ல திட்டங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கல்லூரி வாசலை மிதித்ததே அவற்றால்தான், அதை மறுக்க மாட்டேன். சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. வழிகாட்டி முகாம்கள் அதை ஒட்டி நடக்கின்றன. ஜேஇஇ முதன்மைத் தேர்வோ ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடந்து முடிந்துவிடுகிறது. ஜனவரித் தேர்வுக்கு அண்மை ஆண்டுகளில் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ விண்ணப்பம் திறக்கிறார்கள். ஆக, மே மாத முகாமில் நல்ல ஆசிரியர் ஒருவர் பி.பிளான். பற்றி எவ்வளவு அருமையாகப் பேசினாலும், கேட்கிற பிள்ளைக்கு டெல்லியும் போபாலும் விஜயவாடாவும் அந்த ஆண்டுக்கு மூடியாகிவிட்டன. ரயில் போன பிறகு நடைமேடையில் கொடுக்கும் கால அட்டவணை அது.

இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். இந்தப் படிப்புகள் எதற்கும் கணிதம் இல்லாமல் நுழைய முடியாது. பி.ஆர்க்.குக்கு இயற்பியலும் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில், பதினைந்து வயதில், கணிதம் இல்லாத குரூப்பைத் தேர்ந்தெடுத்த நிமிடமே இந்த வாசல்கள் சாத்திக்கொள்கின்றன. அது தெரிந்து தேர்ந்தெடுத்தால் சரி. தெரியாமல் நடப்பதுதான் அதிகம்.

பி.ஆர்க். விஷயத்தில் எனக்கு ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு. நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று சொல்லி, 2007-08 கல்வியாண்டிலிருந்து பொறியியலுக்கு அதை எடுத்த மாநிலம் இது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே தரவரிசை. பி.ஆர்க்.குக்கு மட்டும் அது பொருந்தவில்லை. இந்தியக் கட்டடக்கலை மன்றம் 2006 முதல் நடத்தும் நாட்டா தேர்வோ, ஜேஇஇயின் கட்டடக்கலைத் தாளோ எழுதியே ஆக வேண்டும். அந்த மதிப்பெண் பாதி, பிளஸ் டூ மதிப்பெண் பாதி என்று தரவரிசை போடுகிறார்கள். தேர்வே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. வரைந்து பார்க்காமல், வெளியைக் கண்ணால் அளக்கத் தெரியுமா என்று சோதிக்காமல் கட்டடக்கலைக்கு ஆள் எடுப்பது சரியில்லை என்பதே என் கட்சி. மேலும் அது மத்திய விதி, உங்கள் கையில் இல்லை. ஆனால் அதற்குத் தயார்படுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் நாட்டா பயிற்சி மையம் இருக்கிறது, பணம் கட்டினால் பென்சில் பிடிப்பதில் தொடங்கிச் சொல்லித்தருவார்கள். அரசுப் பள்ளியில்? ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளே ஏராளம். இருக்கிற இடத்திலும் பகுதிநேரம். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021இல் கொண்டுவந்தீர்கள், கட்டணத்தையும் அரசே ஏற்றது. பெரிய காரியம். நாட்டா பற்றியே கேள்விப்படாத பிள்ளைக்கு பி.ஆர்க்.கில் அந்த ஒதுக்கீடு இருந்து என்ன ஆகப்போகிறது?

பி.ஆர்க். என்றால் என்ன என்பதையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகள், பத்து செமஸ்டர். அதில் ஒரு பகுதி அலுவலகப் பயிற்சி. ஸ்டுடியோ என்ற வகுப்புதான் படிப்பின் உயிர். ஒரு இடத்தைக் கொடுத்து, அங்கே ஒரு பள்ளியையோ சந்தையையோ வடிவமைக்கச் சொல்வார்கள். வரைந்ததைச் சுவரில் ஒட்டி, ஆசிரியர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். இரவெல்லாம் விழித்துச் செய்த மாடலை 'மறுபடியும் யோசி' என்று ஒரே வரியில் ஒதுக்குவார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் தாள், மாடல் அட்டை, பிரிண்ட், நல்ல லேப்டாப், களப்பயணம் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். இந்த மேல்செலவைத் தாங்க முடியாமல் திணறும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கட்டணச் சலுகை அதைத் தொடுவதே இல்லை. படித்து முடித்துக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம், 1972 சட்டம் அப்படி. அந்தச் சட்டம் காப்பது பட்டப்பெயரைத்தான், கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்களுக்கு அது தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்க்கிடெக்ட் நண்பர்களுக்கு இது கசப்பு. எனக்கும் இதில் தொழில் சார்பு இருப்பதால் இத்தோடு விடுகிறேன். ஆனால் ஐந்து வருடமும் அவ்வளவு பணமும் போடப்போகிற குடும்பத்துக்கு இந்த நிலவரம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சிவிலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. நாட்டிலேயே பழைய பரம்பரை. 2010 முதல் தமிழ் வழியில் சிவில் படிக்கவும் அண்ணா பல்கலைக்கழகம் வழி செய்தது. ஆனாலும் இன்று கலந்தாய்வில் கம்ப்யூட்டர் பக்கம் கூட்டம் மொய்க்க, பல கல்லூரிகளில் சிவில் காற்று வாங்குகிறது. அதே நேரம் மெட்ரோ வேலையிலிருந்து எங்கள் ஊர் அடுக்குமாடி வரை நல்ல சைட் இன்ஜினியர் கிடைக்காமல் ஒப்பந்ததாரர்கள் அலைகிறார்கள். தொடக்கச் சம்பளம் குறைவு என்பது உண்மை. வெயில் என்பதும் உண்மை. கட்டமைப்பு, மண்ணியல், நீர்வளம், போக்குவரத்து, கட்டுமான மேலாண்மை என்று முதுநிலையில் பிரியும் கிளைகளைப் பற்றி முதலாண்டிலேயே சொன்னால் பாதிப் பேர் வேறு மனநிலையோடு படிப்பார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது கொத்தனார் வீட்டுப் பிள்ளையைப் பற்றி. அவனுக்கு அருகில் இருப்பது ஐடிஐ. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரைவாளர் படிப்பு. அதை முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மெதுவான ஏணிதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் சம்பாதிக்க ஒரு கைத்தொழில் இருக்கும். எங்கள் வட்டாரத்தில் இன்று மதிப்போடு தொழில் செய்யும் பலர் இந்த ஏணியில் ஏறி வந்தவர்கள். கட்டடக்கலையில் இந்த ஏணி கிடையாது. கணிதம் படித்த டிப்ளமோக்காரர் நாட்டா எழுதி பி.ஆர்க். சேரலாம், ஆனால் முதலாமாண்டில் இருந்துதான். மூன்றும் ஐந்தும் எட்டு ஆண்டுகள். எந்தக் கொத்தனார் குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்கும்?

இங்கே ஒரு யோசனை உங்கள் இருவருக்கும் சேர்த்து. நான் ஏற்றுகிற ஒவ்வொரு பிளானுக்கும் கட்டட மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாகக் கட்டுகிறோம். அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. வாரியம் பதிவு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது, சரி. அதோடு நாட்டா கட்டணம், ஜேஇஇ கட்டணம், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு, சேர்ந்த பிறகு வரைபொருள் செலவு இவற்றையும் அந்த நிதியிலிருந்து கொடுக்கத் தொழிலாளர் துறையிடம் நீங்கள் கேட்கலாம். வீடு கட்டுகிறவர்கள் கட்டிய பணம், வீடு கட்டிய கைகளின் பிள்ளைகளை வீடு வரைகிறவர்களாக ஆக்கப் போவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

மாமல்லபுரத்தையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே கலை பண்பாட்டுத் துறையின் கீழ் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அதுவும் 1957இல் தொடங்கியதுதான். மரபுக் கட்டடக்கலையில் நான்காண்டு பி.டெக். நடக்கிறது. ஆயாதி கணக்கு (மரபு முறை அளவுக் கணக்கு), கருங்கல் வேலை, கோயில் திருப்பணி எல்லாம் முறையாகச் சொல்லித்தரும் இடம் இந்தியாவிலேயே அரிது. அதே ஆண்டில் பிறந்த, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளிக்கும் அதற்கும் இடையே ஒரு செமஸ்டர் மாற்றிப் படிக்கும் ஏற்பாடாவது வேண்டாமா? கிண்டி மாணவர் சுண்ணாம்பையும் கல்லையும் தொட்டுக் கற்கலாம், மாமல்லபுரத்து மாணவர் நகரமைப்பு விதியையும் ஊர்த் திட்டத்தையும் கற்கலாம். பழைய கோயில் நகரங்களைச் சீரமைக்க இரண்டும் தெரிந்தவர்கள் வேண்டும். இன்று ஒரு பக்கம் ஸ்தபதி, மறு பக்கம் ஆலோசனை நிறுவனம், இருவர் பேச்சும் ஒருவருக்கொருவர் புரியாத நிலை.

சரி, படித்தாகிவிட்டது. வேலை? இந்த இடத்தில் வீட்டுவசதித் துறைச் செயலாளர் அவர்களிடம் நேரடியாகப் பேச விரும்புகிறேன். நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், வீட்டுவசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எல்லாம் உங்கள் குடையின் கீழ் இருக்கின்றன. நகராட்சிகளின் நகரமைப்புப் பிரிவு நகராட்சி நிர்வாகத் துறையின் கையில், அவர்களையும் நீங்கள்தான் அழைத்துப் பேச வேண்டும். அந்தப் பிரிவின் பொழுதில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பது என்னைப் போல் வாரம் தவறாமல் அங்கே போய் நிற்கிறவர்களுக்குத் தெரியும். பிளான் சரிபார்ப்பது, செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) அளப்பது, விதிமீறலுக்கு நோட்டீஸ் கொடுப்பது, புகாருக்குப் பதில் எழுதுவது. ஊர் அடுத்த பதினைந்து ஆண்டில் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அந்த யோசனை பல ஊர்களில் வெளி ஆலோசனை நிறுவனங்களுக்குப் போகிறது.

2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி என்று கொண்டுவந்தீர்கள். என் வருமானத்தில் கொஞ்சம் இடித்தாலும், நல்ல மாற்றம் என்றே சொல்வேன். சின்ன வீட்டுக் கோப்புகள் குறைந்த அந்த நேரத்தை உண்மையான திட்டமிடலுக்குத் திருப்ப இதுதான் தருணம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டு, 2017இல் வரன்முறை விதிகள் கொண்டுவந்து, மக்கள் வரிசையில் நின்று பணம் கட்டினார்களே, அந்தச் சிக்கல் முழுவதும் முன்கூட்டியே திட்டமிட ஊருக்கு ஒரு ஆள் இல்லாததால் வந்த வினை. வரன்முறை செய்ததால் அந்த மனைகளுக்குப் பத்திரம் கிடைத்தது. சாலை அகலமாகவில்லை, பூங்கா வரவில்லை, வாய்க்கால் திரும்பவில்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான். இரண்டு துறைகளும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு அறிவிப்பு வெளியிடுங்கள்: அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த அலுவலகத்தில் எத்தனை நகரமைப்புப் பணியிடங்கள் நிரப்பப்படும், அவற்றுக்கு எந்தெந்தப் பட்டம் செல்லும். அதில் பி.பிளான். என்ற பெயர் வெளிப்படையாக இருக்க வேண்டும், 'அதற்கு இணையான' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. தேர்வாணைய அறிவிப்பு வந்த பிறகு 'என் பட்டம் செல்லுமா' என்று பிள்ளைகள் நீதிமன்றம் போகும் நிலை வேண்டாம். வேலை இருக்கிறது என்று அரசு எழுத்தில் சொன்னால், படிப்புக்கு நான் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை, பெற்றோரே தேடி வருவார்கள்.

அடுத்து, பி.பிளான். படிப்பைச் சென்னைக்கு வெளியே கொண்டுவாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கோவையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் மண்டல வளாகங்கள் இருக்கின்றன. வகுப்புக்கு முப்பது, நாற்பது பேர் போதும். தனியார் கல்லூரிகளுக்கு அள்ளிக் கொடுக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொறியியலில் இடங்களைப் பெருக்கி, ஆசிரியர் இல்லாமல், பிறகு பூட்டுப் போட்ட கதையை ஒரு முறை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் ஸ்டுடியோ வேலையாக அந்த மண்டலத்தின் ஒரு நகராட்சியை மாணவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வீடு வீடாகப் போகட்டும், வாய்க்காலை நடந்து அளக்கட்டும், சந்தை நாளில் பேருந்து நிலையத்தில் நின்று எண்ணட்டும். அறிக்கையைத் தமிழில் எழுதி நகர்மன்றத்தில் வைக்கட்டும். முழுமைத் திட்ட வரைவைப் பார்த்து ஆட்சேபம் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வருகிறது. எங்கள் கவுன்சிலர்களுக்கே அந்த ஆவணம் புரிவதில்லை. அதைச் சாதாரணத் தமிழில் விளக்கத் தெரிந்த நகரமைப்பாளர் வேண்டும் என்றால், அவர் படிக்கும்போதே தமிழில் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

பள்ளி வழிகாட்டலை மே மாதத்துக்கு மட்டும் விடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையோடு பேசி, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மார்ச்சுக்கு முன் ஒரு முறை, பிளஸ் டூ மாணவர்களுக்கு ஜூலையில் ஒரு முறை இந்தப் படிப்புகளைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் போதாது. எந்தப் படிப்பு எத்தனை ஆண்டு, மொத்தச் செலவு எவ்வளவு, முடித்தால் எதில் கையெழுத்துப் போடலாம், எதில் போட முடியாது என்பது வேண்டும். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர், கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர் என்று தகுதி வாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அதையே எளிய தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்தால்கூட, மே மாதத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுப்பேன். நாட்டாவுக்கும் தாள் 2பிக்கும் ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு நடத்துங்கள். வரையச் சொல்லித்தர ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊர்ப் பொறியாளர்களையும் ஆர்க்கிடெக்டுகளையும் கூப்பிட்டால் வருவோம், போக்குவரத்துப் படிகூட வேண்டாம்.

ஜேஇஇ விண்ணப்பம் மறுபடியும் அக்டோபர் கடைசியில் திறக்கும். பணியிட அறிவிப்புக்கு நிதித் துறை ஒப்புதல், அமைச்சரவை என்று நாளாகும், எனக்குப் புரிகிறது. புதிய வளாகத்தில் பி.பிளான். தொடங்க இன்னும் நாளாகும். ஆனால் தாள் 2பி என்று ஒன்று இருக்கிறது, கணிதம் படித்தவர்கள் எழுதலாம், இன்ன தேதிக்குள் விண்ணப்பியுங்கள் என்று எல்லா அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப ஒரு வாரம் போதும். அதை இந்த செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர்